கைக்கடியாரமும் ஆடவர் எள்ளலும்

கைக்கடியாரம் ஆண்மைக்கு அழகென்பர் நம்மவர். அது முதலிற் பெண்டிர் கையில் விளங்கிய பொருள் என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

1810-இல் நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா, மணிக்கட்டில் அணியத்தக்க கடியாரம் ஒன்று செய்யுமாறு பாரிஸ் நகரக் கைவல்லுநர் பிரெகேயைப் பணித்தாள். 1812-இல் அது முற்றுப்பெற்றது. நீள்வட்ட வடிவம், வெப்பமானி, வேண்டும்போது மணியொலித்து நேரமுரைக்கும் பொறி, தலைமயிரும் பொன்னிழையும் பின்னிய பட்டை! அக்கடியாரம் இன்றுவரை கிட்டிற்றில்லை.

அதன்பின் நூறாண்டளவும் ஆடவர், சட்டைப்பைக் கடியாரமே தமக்குப் பெருமையெனக் கொண்டு, மற்றதை வளையலென்று எள்ளினர். 1904-இல் விமானி சாந்தோஸ் துயூமோனுக்குக் கார்த்தியே கைக்கடியாரம் செய்தளித்தார். விமானம் இயக்குங் கைகள் சட்டைப்பையைத் துழாவ இயலுமோ? ஆயினும் எள்ளல் ஓயவில்லை. 1914-இல் பெரும்போர் மூண்டது. பதுங்குகுழியில் நின்ற சிப்பாய் குறித்த நிமிடத்திற் பாய வேண்டியிருந்தது. வளையலென்று பழித்ததை அவனே தன் கையிற் கட்டிக்கொண்டான்.