கலப்பற்றும் கடற்செலவும்

பத்துமலைச் சாரலிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கப்பல் என்றவுடன் நினைவுக்கு வருவது, 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ போன்ற நீராவிக் கப்பலே. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தின் வடகரையில் காற்றை மட்டுமே நம்பிய கலங்களும் கட்டப்பட்டு வந்தன. அவற்றுள் ஒன்றைப் பாய்மரப் பயணத்தில் காதல் கொண்ட ஒருவர் வாங்கிச் செப்பனிட்டு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுசென்றார் என்பது நம் மாணவர் பலரும் அறியாத செய்தி.

அவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். கப்பல் வணிகரல்லர், கடற்படையினருமல்லர். 1928இல், ஏறத்தாழ 32 அடி நீளமே கொண்ட ‘ஸ்வாப்’ என்னும் சிறு படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1931இல் ஊர் திரும்பினார். வடமொழியில் கனவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். நம் ‘சொப்பன’த்திற்கு உறவு. 1934இல் கலாப்பகோஸ் தீவுகளில் குடல்வால் நோயால் உயிருக்குப் போராடிய அவரை அமெரிக்கக் கடற்படையினர் மீட்டனர். ஸ்வாப் அங்கேயே நின்றுவிட்டது. மீண்டும் அது அவர் கைக்கு வரவேயில்லை.

அடுத்து அவர் உள்ளம் கவர்ந்தது ‘அன்னபூரணி அம்மாள்’. 1930ஆம் ஆண்டையொட்டி வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 89 அடி நீளம். வேப்பமரத்தால் ஆன உடல். அவ்வூர்க் கலங்கள் நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் சென்று சரக்கேற்றி வந்தவை.

மரக்கலத்தின் வாழ்நாள் கட்டுவதோடு முடிவதில்லை. ஏரா எனப்படும் அடிமரம், வங்கு எனப்படும் விலாமரம், அவற்றைப் போர்த்திய பலகை ஆகிய யாவும் வெயிலில் சுருங்கும், நீரில் ஊறிப் பருக்கும். மரத்தைத் துளைக்கும் கடற்புழு வேறு. ஆகவே கலத்தைக் கரையேற்றிச் சாய்த்து, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கிலுள்ள பழைய நாரை நீக்கிப் புது நாரைத் திணித்து, உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுதல் வேண்டும். இதற்குக் ‘கலப்பற்று’ என்று பெயர். தூய தமிழ்ச் சொல் போல் ஒலிப்பினும் போர்த்துக்கீசியத்தின் வழி வந்தது என்பர். தமிழாசிரியர் வருந்த வேண்டுவதில்லை, சொல் வருமுன்னரே தொழில் இங்கிருந்தது. மலேசியாவின் திரங்கானுவில், துயோங் தீவுத் தச்சர்கள் நாருக்கு மாற்றாகக் கெலாம் மரப்பட்டையைச் செங்கால் மரப் பலகைகளுக்கிடையே வைத்து இறுக்குவர். வரைபடமின்றிக் கண்ணளவாலேயே அவர்கள் கட்டிய படகுகளை விரும்பி வாங்கிய மேனாட்டார் பலர்.

பழுது பார்த்த அன்னபூரணிக்கு ராபின்சன் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார்: ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’. செங்கடல், சூயஸ், நடுநிலக்கடல் வழியாக, வல்வெட்டித்துறை மாலுமிகளின் துணையோடு அக்கலம் 1938 ஆகஸ்டு முதல் நாள் மாசசூசெட்சு மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

இச்செய்தியை மேடையில் சொல்வோர் தமிழர் கட்டிய கலம் என்று பெருமிதம் கொள்வர். அது தகும். ஆயினும் அப்பெருமையில் பாதி, ஓயாமல் ஒழுக்கடைத்த கைகளுக்குரியது. இடையறாக் கவனிப்பு இல்லையேல் எவ்வளவு நல்ல வேம்பும் சூயஸ் வரையில்கூடத் தாங்காது. பாய்க்கப்பல் வணிகம் நலிந்ததும் வல்வெட்டித்துறையில் அந்தக் கையறிவைக் கற்போர் அருகினர். ஏட்டில் எழுதப்படாத கல்வி, கற்போர் அற்றால் கரைந்துபோகும். அங்கும் அதுவே நேர்ந்தது.

ராபின்சனோ இப்ஸ்விச் நகரில் தாமே கப்பல் கட்டும் தளம் நிறுவினார். 1942இல் அங்கே மிதக்கவிடப்பட்ட ‘வாருவா’ என்னும் 70 அடிப் பாய்க்கலத்தில், போர் முடிந்தபின் டஹிட்டிக்குப் புறப்பட்டுச் சென்றார்.