கிழி கட்டாத அவை

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் அவை என்று சொன்னால், மதுரையில் பாண்டியன் கூட்டிய அவைதான் நினைவுக்கு வரும். பரம்பொருள் எது என்று நிறுவுபவருக்கு என வல்லபதேவன் பொற்கிழியைக் கட்டித் தொங்கவிட்டான். நந்தவனத்தை விட்டுப் போன விஷ்ணுசித்தர் வாதிட்டார். கிழி தானே தாழ்ந்து வந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள். கிருஷ்ணதேவராயர் இக்கதையை ‘ஆமுக்தமால்யத’ காவியத்தில் தெலுங்கில் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் மு. கு. ஜகந்நாத ராஜா. மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி விருது 1989-இல் அந்நூலுக்காக அவருக்குக் கிடைத்தது.

அந்த அவையின் அமைப்பு நமக்கு மிகவும் பழக்கமானது. அழைப்பவன் அரசன். பேசுபொருளை வகுப்பவனும் அவனே, பரிசும் அவனுடையது. இன்றைய மாநாடுகளில் அரசனுடைய இடத்தில் ஒரு நிறுவனமோ பல்கலைக்கழகமோ இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மாற்றாக, வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை எழுதி, வந்தவர்களே பேசி, வந்தவர்களே நடத்திக்கொள்ளும் கூடல் ஒன்று அண்மைக் காலத்தில் உருவானது. அதன் வரலாற்றைப் படிக்கும்போது நம் பக்கத்து வணிகர்களின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எல்லாமே முன்பே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டும் கட்டுரை அல்ல இது. ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் சில சங்கடமான கேள்விகள் எழுகின்றன என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் அண்மைக் கதை. அமெரிக்கரான ஹாரிசன் ஓவன், பெரும் பாடுபட்டு ஒரு மாநாட்டை நடத்திய பிறகு, அதில் எல்லோருக்கும் பயன்பட்டது காப்பி இடைவேளைதான் என்று கண்டார். இடைவேளையையே மாநாடாக்கினால் என்ன என்று 1985-இல் முயன்றார். ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்று அதற்குப் பெயர். கற்கவும் முடியாமல் கற்பிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வேறு கூட்டத்துக்கு நடந்துவிடலாம் என்பது அதன் முக்கியமான விதி. (நம் இலக்கியக் கூட்டங்களில் இவ்விதியை அமல்படுத்தினால் மேடையில் இருப்பவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.) 2003-இல் பதிப்பாளர் டிம் ஓ’ரைலி, கணினித் துறையினருக்கு ‘ஃபூ கேம்ப்’ என்ற கூடலை நடத்தினார். நிரல் திறந்ததுதான், ஆனால் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வரலாம். அழைப்பு இல்லாதவர்களுக்கும் இடமுண்டு என்று 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில் தொடங்கியது ‘பார்கேம்ப்’. மறு ஏப்ரலிலேயே அது சென்னைக்கு வந்துவிட்டது. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வலைப்பதிவர்கள் கூடியபோது, மாநாடு என்ற சொல்லை விட்டுப் ‘பட்டறை’ என்று அழைத்தார்கள். நல்ல தேர்வு. பட்டறையில் பார்வையாளர் என்று தனியாக ஒருவர் இல்லை.

2008-இல் கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொடங்கிய ‘பிராடக்ட்கேம்ப்’ இவ்வரிசையில் அடுத்தது. என்ன பொருளைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எப்படி விற்பது என்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் கூடல் அது. காலையில் வந்தவர்கள் தலைப்புகளை எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். வாக்கு அதிகம் விழுந்தவை அன்றைய அமர்வுகள் ஆகின்றன. நுழைவுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. இடத்துக்கும் உணவுக்கும் புரவலர் நிறுவனங்கள் பணம் தருகின்றன.

இனி நம் பக்கத்துக்கு வரலாம். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை போய், ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கொல்லத்தில் இறங்குகிறது இன்றைய நெடுஞ்சாலை. மலைக்கு அப்பாலிருந்த கொல்லத்தில் வணிகக் குழுக்கள் எவ்வளவு வேரூன்றியிருந்தன என்பதை 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடுகள் காட்டுகின்றன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு குழுக்கள் அவற்றில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. அவற்றைவிடப் பரந்தது ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட குழு. கர்நாடகத்து ஐஹொளெயைத் தம் தாயகமாகச் சொல்லிக்கொண்ட இவர்கள் கடல் கடந்தும் கூடினார்கள். சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அப்படிக் கூடியவர்கள் எடுத்த முடிவுதான். வரும் மரக்கலத்தின் தலைவர் இன்ன அளவு பொன் செலுத்திய பிறகே விரித்த துணிமீது கால்வைக்க வேண்டும் என்கிறது அது. அரசாணை அல்ல, வணிகர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட வரி.

உள்நாட்டிலும் இதுதான் வழக்கம். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், பல ஊர் வணிகர்கள் கூடி உப்பு, அரிசி, பாக்கு, மிளகு, பருத்தி, நூல், இரும்பு என்று பண்டம் பண்டமாகப் பொதிக்கு இவ்வளவு என வகுத்துக் கோயிலுக்கு அளிக்கிறார்கள். இதற்குப் பட்டணப்பகுதி என்று பெயர்.

எனக்கு இவற்றிலெல்லாம் வியப்பானது பொன்னேரிப் பக்கத்துக் காட்டூர்க் கல்வெட்டு. மயிலாப்பூரில் கூடிய வணிகப் பேரவை காட்டூரை வீரபட்டணமாக அறிவிக்கிறது. வாளை உருவிக் காட்டிச் சுங்கம் கேட்கும் வணிகர்கள், மக்களின் சோற்றைப் பறிப்பவர்கள் இனி அவ்வூருக்குள் வரக்கூடாது. மீறுபவர் குழுவுக்குப் புறம்பானவர் என்று முடிவாகிறது. ஆயுதம் தாங்கிய வணிகர்கள் தம் கூட்டத்தாரின் அட்டூழியத்தை ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்த நாம் காட்டூரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இவ்வழக்கத்தின் நேர்வாரிசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே இலக்கணத்தில் அமைந்தது 19-ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார் வணிகர்களின் உறவின்முறை. வண்டிகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் தேவைப்பட்டன. அதற்காக வியாபாரத்தின் மீது தாமே விதித்துக்கொண்டது மகமை. பேட்டை கட்டிய பணம் பிறகு கிணறும் கோயிலும் ஆயிற்று. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் அப்படி எழுந்ததுதான். 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கியும் (1962-இலிருந்து தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி) இச்சமூகத்தின் கூடல்களிலிருந்து பிறந்ததே. புரவலர் யாருமில்லை; ஆகவே யாருக்கும் மேடையில் பொன்னாடை போர்த்தவேண்டியதில்லை. பிராடக்ட்கேம்ப் தீர்க்காத சிக்கல் இங்கே தீர்ந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் கதவு? 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றவர்கள் இவர்கள். 1899-இல் சிவகாசிக் கலவரத்தைக் கண்டவர்கள். வெளியே நிறுத்தப்பட்ட அவர்களைத் தாங்கி நின்றது உறவின்முறைதான். அதே உறவின்முறையில் வேற்றுச் சாதியாருக்கு நாற்காலி கிடையாது. எவ்வளவு மகமை சேர்ந்தாலும், சொந்தச் சாதிக்குள்ளேயே கூட, கூட்டத்தில் அமர்ந்து முடிவெடுத்தவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள் மட்டுமே. அழைப்பில்லாதவர்களுக்கென்று எழுந்த பார்கேம்பின் கதவு இவர்களுடையதைவிட அகலமானது என்பதில் ஐயமில்லை. அக்கதவைத் திறந்துவைக்கும் செலவைத்தான் வேறொருவர் ஏற்கவேண்டியிருக்கிறது.

விருதுநகர்ப் பள்ளிக்கு மகமை தவிர இன்னொரு வருவாயும் இருந்தது. சமைக்க அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்காக வீடுவீடாக வந்து அதை வாங்கிக்கொண்டு போவார்கள். பிடியரிசி என்று பெயர். அந்த அரிசியை எடுத்துவைத்த பெண்கள் ஒருவரும் உறவின்முறைக் கூட்டத்துக்குப் போனதில்லை.