ஹெமாஞ்சியோமா

கிரேக்கத்தில் ‘ஹைமா’ என்றால் இரத்தம், ‘ஆங்கெயோன்’ என்றால் கலம் அல்லது குழல்; ‘ஓமா’ கட்டியைக் குறிக்கும் விகுதி. மூன்றும் சேர்ந்த ஹெமாஞ்சியோமாவைத் தமிழில் இரத்தக்குழாய்க் கட்டி எனலாம். நீண்ட காலம், தோலில் சிவந்து தெரியும் பலவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். 1982-இல் மல்லிக்கென், குளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் இருவரும் திசுக்களை ஆராய்ந்து, செல்கள் பெருகி வளர்வதற்கே இப்பெயர் பொருந்தும், குழாயின் அமைப்பிலேயே உள்ள பிறவிக் கோளாறு வேறு என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவினைதான் சரி. குழந்தைகளின் ஹெமாஞ்சியோமா பிறந்த சில வாரங்களில் தோன்றி, முதல் ஐந்து மாதங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். பிறவிக் கோளாறு அப்படிச் சுருங்குவதில்லை.

தானாகச் சுருங்குவதற்கு மருத்துவம் எதற்கு என்று கேட்கலாம். பெரும்பாலானவற்றுக்குக் கண்காணிப்பே போதும் என்பது உண்மைதான். ஆனால் இமையில் வளர்வது பார்வையைக் கெடுக்கலாம், தாடைப் பகுதியில் பரவினால் மூச்சுப்பாதையிலும் இருக்கக்கூடும், உதட்டில் புண்ணாகலாம். இதய நோய்க்குத் தரும் ப்ராப்ரனலால் என்ற மருந்து இக்கட்டியைச் சுருக்குவதை 2008-இல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் வெளியிட்டார்கள். இன்று சிகிச்சை தேவைப்படுவோருக்கு முதலில் தரும் மருந்து அதுவே. வளர்ச்சிக் காலத்தில் தொடங்கினால்தான் அது நன்கு பலிக்கும். ஆகவே இத்தகைய இடங்களில் சிவப்பு தெரிந்தால், மச்சம்தானே என்று விட்டுவிடாமல் முதல் மாதத்திலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.