இதை யார் தைத்தது?

டீச்சர் என்னிடம் கொண்டுவந்த நாடகத்தில் ஒரு கடற்கரை நாடு வருகிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. உப்பளத்தில் பாடுபடுகிறவர்கள் அங்கே அரசை எதிர்த்து எழுகிறார்கள். மூன்றாம் காட்சியில் அவர்களுடைய கொடி ஏற வேண்டும். "மாஸ்டர், கொடி உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொடி எனக்குப் பழகிய வேலை. தஞ்சாவூரில் அப்பா வைத்திருந்த தையல்கடையில் தேர்தல் சமயத்தில் தரை தெரியாது. வெட்டிய துணி முட்டளவு கிடக்கும். எந்தக் கட்சி வந்தாலும் தைத்துக் கொடுப்பார். கயிறு நுழைக்கும் பட்டியை மட்டும் யாரிடமும் விடமாட்டார். காற்றின் இழுப்பெல்லாம் அந்தப் பட்டியில்தான் வந்து விழும் என்பார். தேருக்குத் தொம்பை தைக்கிறவர்களிடம் நான் இரண்டு வருஷம் இருந்தேன். துணிமேல் துணி வைத்து யாளியும் அன்னமும் ஒட்டித் தைக்கிற வேலை அங்கே கற்றது. அதனால் டீச்சருடைய கொடிக்குத் தாராளமாகவே இறங்கினேன். கருநீலச் சாட்டின், அடியில் மூன்று வெள்ளை அலை, நடுவில் உப்பு வாரும் பலகை, அதற்கு மேல் மஞ்சள் சூரியன். எட்டு நாள் ஆயிற்று.

டீச்சர் விரித்துப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு மாஸ்டர். ஆனா இதை யார் தெச்சது?"

"நான்தான் டீச்சர்."

"கதையில கேக்கறேன். காலையில வேலையை நிறுத்தறாங்க. சாயங்காலம் கொடி ஏறுது. சாட்டினுக்கு எங்க போனாங்க?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவரே நாலைந்து புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். உலகத்தில் நிஜமாக எழுந்தவர்கள் கொடிக்கு என்ன செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு கொடியிலும் நான் முதலில் தேடியது துணியை.

அதிக நேரம் என்னைப் பிடித்து வைத்தது ஆஸ்திரேலியாவின் யுரேக்கா கொடி. விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட் என்ற ஊர். மண்ணில் தங்கம் இருக்கிறது என்று உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாதவனைப் போலீஸ் வேட்டையாடிப் பிடித்துப் போகும். 1854 நவம்பர் 29 அன்று பேக்கரி ஹில் மேட்டில் பெருங்கூட்டம் கூடி, சீட்டுகளைத் தீயில் போட்டார்கள். அன்றைக்குத்தான் அந்தக் கொடி ஏறியது. நீலத்தில் ஒரு வெள்ளைச் சிலுவை. சிலுவையின் நான்கு முனையிலும் நடுவிலுமாக ஐந்து நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் எட்டு முனை. தென்பாதி வானத்தில் தெரிகிற தென்சிலுவை விண்மீன் கூட்டம் அது. அயர்லாந்துக்காரன், ஸ்காட்லாந்துக்காரன், ஜெர்மானியன், கனடாக்காரன் என்று பல ஊர் ஆட்கள் நின்ற இடம். பிரிட்டிஷ் கொடியின் சாயல் சிறிதும் இல்லாமல், எல்லோரும் இரவில் அண்ணாந்தால் பார்க்கிற ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். வரைந்து கொடுத்தவர் ராஸ் என்ற கனடாக்காரர் என்று சொல்கிறார்கள். மறுநாள் பீட்டர் லாலர் அந்தக் கொடியின் கீழே எல்லோரையும் மண்டியிடச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைத்தார்.

துணிக்கு வருகிறேன். நீலம் கம்பளி கலந்தது. சிலுவையும் நட்சத்திரமும் பருத்தி, இரண்டும் வேறு வேறு ரகம். முழுக்கக் கைத்தையல். அகலம் நாலு மீட்டருக்குப் பக்கம், உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். ஒரு கூடாரத்துக்குள் விரித்தால் மற்றவர் உட்கார இடம் இருக்காது. மூன்று பெண்கள் தைத்தார்கள் என்றும், நட்சத்திரத்துக்கு உள்பாவாடைத் துணியை வெட்டினார்கள் என்றும் அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். நட்சத்திரத்தின் எட்டு முனையையும் மடித்துத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். முனை ஒவ்வொன்றிலும் துணி உள்ளே மடங்கித் தடித்துப்போகும், ஊசி ஏறாது. ஐந்து நட்சத்திரத்துக்கு நாற்பது முனை. தொம்பை வேலையில் அன்னத்தின் மூக்கு ஒன்றுக்கே நான் திணறியிருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் அந்த நாற்பது முனையைக் குத்தியவர்களின் விரலைத்தான் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 3 விடியலில் படை புகுந்தது. பொழுது நன்றாக விடிவதற்குள் சண்டை முடிந்துபோனது. இருபதுக்கும் மேற்பட்ட தோண்டுகாரர்கள் செத்தார்கள். ஜான் கிங் என்ற போலீஸ்காரர் கம்பத்தில் ஏறிக் கொடியை இழுத்து இறக்கினார். ராஜத்துரோகம் என்று 13 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். மெல்போர்ன் ஜூரிகள் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று சொல்லவில்லை. கொடி கிங் குடும்பத்திலேயே நாற்பது வருஷம் கிடந்து, 1895இல் பல்லாரட் ஓவியக்கூடத்துக்கு வந்தது. இடையிலும் பின்னாலும் வந்தவர் போனவரெல்லாம் ஞாபகத்துக்கு என்று துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்று மிச்சம் இருப்பது முக்கால் பங்குக்கும் குறைவு. பறக்கும் ஓரம் முழுக்கக் காணோம்.

தைப்பதற்குக்கூட அவகாசம் இல்லாதவர்களும் உண்டு. ஹெய்ட்டி நாட்டுக்காரர்கள் 1803 மே 18ஐ இன்றும் கொடி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அடிமைத்தளையை அறுத்து எழுந்தவர்களின் தளபதி தெஸாலின் அன்று ஆர்க்காயே என்ற ஊரில் பிரெஞ்சு மூவர்ணக் கொடியை எடுத்து, நடுவில் இருந்த வெள்ளையைக் கிழித்து எறிந்தார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் கத்தரீன் ஃப்ளோன் என்ற பெண் ஒன்றாகத் தைத்தாராம். ஒரே ஒரு தையல். எஜமானின் துணியிலேயே புதுக் கொடி.

இதைவிட என்னை உலுக்கியது செங்கொடியின் கதை. கிளர்ச்சி என்றாலே நாம் நினைக்கிற நிறம் அது. ஆனால் அதை முதலில் தூக்கியது அரசு. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஆம் வருஷம் அக்டோபரில் ஒரு சட்டம் போட்டார்கள். நகர மன்றத்து ஜன்னலில் சிவப்புக் கொடி தொங்கினால், தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு படை வந்தால், கூட்டம் கலைந்துவிட வேண்டும், கலையாவிட்டால் சுடலாம். 1791 ஜூலை 17 அன்று பாரிஸில் ஷான் த மார்ஸ் மைதானத்தில் அரசனுக்கு எதிரான மனுவில் கையெழுத்துப் போட ஜனங்கள் திரண்டிருந்தார்கள். சிவப்புக் கொடி வந்தது, துப்பாக்கி வெடித்தது, பல பேர் மாண்டார்கள். அப்புறம் நடந்ததுதான் அதிசயம். தங்களைச் சுடுவதற்கு அடையாளமாக வந்த துணியை ஜனங்களே எடுத்துக்கொண்டார்கள். 1832 ஜூன் மாதத்துப் பாரிஸ் எழுச்சியில் அது அவர்கள் கையில் இருக்கிறது. 1848 பிப்ரவரியில் அதையே நாட்டின் கொடியாக்கு என்று நகர மன்றத்துக்கு வெளியே கூட்டம் முழங்குகிறது. கவிஞர் லமார்த்தீன் மல்லுக்கட்டித்தான் மூவர்ணத்தைக் காப்பாற்றினார். 1871இல் பாரிஸ் கம்யூன் ஆண்ட நாட்களில் அந்த நகர மன்றத்தின் மேலேயே செங்கொடி பறந்தது. இத்தனைக்கும் அதை வரைந்தவர் என்று ஒருத்தர் கிடையாது.

இதைப் படித்த பிறகு நாடகப் பிரதியைத் திரும்பப் புரட்டினேன். முதல் காட்சியிலேயே ஒரு வரி இருந்தது, நான் கவனிக்காமல் விட்டது. அரசு ஆள் வந்து ஒவ்வொரு உப்பு அம்பாரத்தின் மேலும் மரக்கட்டையால் முத்திரை குத்துகிறான். குத்திய உப்பு அரசுக்குச் சொந்தம். முத்திரை எப்படி இருக்கும் என்று பிரதியில் இல்லை. கிரீடமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அரைவட்டமும் அதன் தலையில் மூன்று கோடும் தாளில் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த துணியை எடுக்கும்போது தாள் தலைகீழாகத் திரும்பியது. அரைவட்டம் கூடையாகிவிட்டது. மூன்று கோடும் கூடையின் அடியில் நீர் வடிவதாக ஆகிவிட்டது. பாத்தியிலிருந்து வாரிய ஈர உப்பு தலையில் போகும்போது அப்படித்தான் வடியும். சுமக்கிறவளின் முதுகெல்லாம் உப்பு நீர். அன்று இரவே டீச்சருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதேதான் மாஸ்டர்" என்றார்.

எழுத்து வேண்டும் என்று ஒரு நடிகர் சொன்னார். கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். ஒற்றைத் துணியில் எழுதினால் பின்பக்கம் எழுத்து திரும்பித் தெரியும். இரண்டு பக்கமும் நேராகத் தெரிய இரட்டைத் துணி வேண்டும். அது கனக்கும், பறக்காது. ஆனாலும் எழுதியவர்கள் இருக்கிறார்கள். 1907 ஆகஸ்ட் 22 அன்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் சோசலிஸ்ட் மாநாட்டில் மேடம் காமா விரித்த இந்தியக் கொடியில் நடுவே வந்தே மாதரம் இருந்தது. 1916 ஈஸ்டர் எழுச்சியில் டப்ளின் தபால் நிலையத்தின் மேல் பறந்த பச்சைக் கொடியில் ஐரிஷ் குடியரசு என்ற இரண்டு சொல் மட்டும். மார்க்கீவிச் சீமாட்டி வீட்டில் வைத்துத் தீட்டியது அது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைப் பிடித்து, தலைகீழாகத் தூக்கி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1966இல்தான் லண்டன் அதை அயர்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

எழுத்தே இல்லாமல் எட்ட நின்று அடையாளம் தெரிகிற கொடிக்கு என் அப்பா காட்டுவது திராவிடர் கழகக் கொடி. கறுப்பில் ஒரு சிவப்பு வட்டம். அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். ஈரோட்டில் அதன் மாதிரியைப் போட்டுப் பார்த்தபோது சிவப்பு மை கிடைக்காமல், தன் விரலைக் குத்தி ரத்தத்தால் வட்டம் வைத்ததாகக் கலைஞர் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையை அப்பா தட்டைக் கவிழ்க்கும்போதெல்லாம் சொல்வார்.

சென்னைக் கோட்டைக் கம்பத்தில் கொடி ஏற்றிய ஆர்யாவையும் விட மனமில்லை. பாஷ்யம் என்பது இயற்பெயர். 1932 ஜனவரியில் இதே நாட்டில் கொடிக்காக உயிர் போயிற்று. திருப்பூர் குமரன் அடிபட்டு 11ஆம் தேதி இறந்தார். அதே மாதம் 25ஆம் தேதி இரவு ஆர்யா புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நுழைந்து, அந்த உயரக் கம்பத்தில் ஏறி, யூனியன் ஜாக் பறக்கிற இடத்தில் மூவர்ணத்தைக் கட்டினார். 26 காலையில் ஊர் பார்த்தது. வேட்டி ஒன்றில் தானே வர்ணம் தீட்டிய கொடி என்று சொல்வார்கள். அவர் ஓவியர். நம் வீடுகளில் தொங்குகிற முண்டாசுப் பாரதி படம் அவர் கை வரைந்தது.

வேட்டி என்றதும் எனக்குத் துணி முடிவாகிவிட்டது. உப்புக் கோணியில்தான் செய்ய வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். தைத்தும் பார்த்தேன். கோணி காற்றில் அசையவில்லை. பழைய நாலு முழ வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன், துவைத்துத் துவைத்து மெலிந்தது. அடுப்புக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, முதல் காட்சியில் வருகிற அதே மரக்கட்டையால் தலைகீழாக ஒரு குத்து. மெல்லிய துணி, கரி பின்பக்கம் ஊறியது. கூடை இடவலம் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் பார்த்தாலும் கூடைதான்.

டீச்சர் ஒரு காட்சியைச் சேர்த்தார். வயதான உப்பளக்காரி ஒருத்தி விளக்கடியில் உட்கார்ந்து, அந்த வேட்டியில் கயிறு நுழைக்கும் பட்டியை மட்டும் தைக்கிறாள். நடித்த அம்மாவுக்கு அப்பா சொன்ன விதத்தில் கற்றுக்கொடுத்தேன்: இரட்டை நூல், இரண்டு மடிப்பு, மூலையில் மூன்று முறை திரும்பத் தைப்பு. மேடையில் நாலு நிமிஷம் ஆகிறது. வசனம் கிடையாது. மற்ற ஓரங்களை மடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பறக்கிற பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது.

நாகப்பட்டினத்தில் நாடகம் முடிந்த ராத்திரி, கூட்டத்தில் கூடை தூக்கி வருகிற சின்னப் பெண் வந்து அந்தக் கொடியில் தனக்கு ஒரு துண்டு வேண்டும் என்றாள். கத்தரியை எடுத்து, பிரிந்துகொண்டிருந்த ஓரத்திலிருந்து நாலு விரல் அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன்.