ஒரு துணித்துண்டின் வரலாறு

திரவப்பளிங்கின் வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். 1888. பிராக் நகரத்துத் தாவரவியலாளர் பிரெட்ரிக் ரைனிற்சர், கரட்டிலிருந்து பெற்ற கொலஸ்ரரோலில் செய்த ஒரு பொருளைச் சூடாக்குகிறார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கலாகிறது. 178.5 இல் கலங்கல் தெளிகிறது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா எண்டு குழம்பி, பௌதிகவியலாளர் ஒட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு 'ஆர் கண்டுபிடிச்சது' எண்ட வழமையான பிரச்சினை. 1908 இல் ரைனிற்சர் தன் பங்கை நினைவூட்டி ஒரு கட்டுரையே எழுதவேண்டி வந்தது. அதோடு கதை ஒரே பாய்ச்சலில் கல்குலேட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் வந்துவிடும்.

நாங்கள் கலைப்பீடத்துக்காரர். சமன்பாடு கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் இந்தப் பாய்ச்சலில் விடுபட்டுப்போன ஒன்று எங்களை விடவில்லை: துணி.

திரவப்பளிங்கின் மூலக்கூறுகள் ஈர்க்குக்கட்டு மாதிரி ஒரே திசையில் நிற்கும். ஆனால் திரவமாக ஓடவும் செய்யும். எந்தத் திசையில் நிற்பது எண்டதை அவை தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மூலக்கூறு ஒன்று ஏறத்தாழ 2 நனோமீற்றர் நீளம். திரையின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவிலுள்ள வெளியோ சில மைக்ரோமீற்றர். சுவரைத் தொடும் முதல் படை எப்படிப் படுக்கிறதோ, அதைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது எண்டு ஆயிரக்கணக்கான படைகள் திரும்பும்.

இரண்டு சுவர்களும் வெவ்வேறு திசை காட்டினால் நடுவில் திரவம் முறுகும், முனைவாக்கிய ஒளியும் அதோடு சேர்ந்து திரும்பும் எண்டதை 1911 இல் சார்ல்ஸ் மோகன் காட்டிவிட்டார். அந்த முறுக்கை மின்னழுத்தத்தால் அவிழ்க்கலாம் எண்டு சுவிற்சர்லாந்தில் ஷாட்டும் ஹெல்ஃபிரிக்கும் 1970 இல் காப்புரிமை கேட்டார்கள். கல்குலேட்டர் திரை பிறந்தது அங்கேதான்.

ஆனால் சுவருக்குத் திசை கொடுப்பது எப்படி? தேய்க்கவேணும். அவ்வளவுதான். 1943 இல், பிரான்ஸ் ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, பியர் ஷத்லன் தேய்த்த கண்ணாடி திரவப்பளிங்கை ஒழுங்குபடுத்துவதை முறையாக ஆராய்ந்து எழுதினார். பிறகு வந்த தொழிற்சாலைகளும் அதையே செய்தன: கண்ணாடியில் மெல்லிய பல்பகுதியப் படலம், அதன்மேல் வெல்வெற் சுற்றிய உருளை. தூசுக்குப் பயந்து உடல் முழுக்க மூடி வேலைசெய்யும் அறைகளில், நாருதிர்க்கிற, நிலைமின் ஏற்றுகிற ஒரு துணி! எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

ஏன் வேலைசெய்கிறது எண்டதில்தான் சண்டை. 1972 இல் பெல் ஆய்வுகூடத்தின் டுவைற் பெரமன் ஒரு விளக்கம் சொன்னார்: தேய்க்கும்போது நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. அலைத்தகரத்தில் ஓலையைக் குறுக்கே வைத்து அழுத்தினால் அது வளைந்து நெளியவேணும். பள்ளத்தின் நெடுக வைத்தால் வளையத் தேவையில்லை. வளைவதற்குச் சக்தி செலவாகும், ஆகவே மூலக்கூறுகளும் நெடுகப் படுக்கும். அழகான விளக்கம். நாங்களும் முதலில் இதோடு நிறுத்தப் பார்த்தோம்.

1987 இல் கியரியும் கூட்டாளிகளும் வேறு பக்கம் கை நீட்டினார்கள். பள்ளமல்ல, தேய்ப்பில் பல்பகுதியச் சங்கிலிகளே இழுபட்டு ஒரு திசைக்கு வருகின்றன எண்டார்கள். 1995 இல் எக்ஸ் கதிரால் பார்த்தபோது, தேய்த்த படலத்தின் மேற்பரப்பை ஒட்டிய சங்கிலிகள் உண்மையிலேயே தேய்த்த திசையில் கிடந்தன. அப்ப சுவரின் உருவம் மட்டுமல்ல, மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான விசையும் கணக்கில் வருகிறது.

2001 இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் சங்கிலியையும் எடுத்துவிட்டார்கள். வைரம்போன்ற காபன் படலத்தின்மேல் சரிவாக அயன்கற்றையை அடித்தார்கள். துணியும் இல்லை, பல்பகுதியமும் இல்லை. ஆனாலும் திரவப்பளிங்கு ஒழுங்காக நின்றது. மேற்பரப்பிலுள்ள காபன் பிணைப்புகள் ஒரு திசைக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருப்பதே போதுமாக இருந்தது.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு துல்லியமான பதில் வந்தபோது, தேய்த்த திரைகள் ஏற்கனவே உலகம் முழுக்கப் பரவியிருந்தன. துணியைத் தொழிற்சாலையிலிருந்து வெளியேற்றத் தொடங்கியது இன்னொரு முறை: ஒளியால் திசை கொடுப்பது. 2009 இல் ஷார்ப் நிறுவனம் தன் தொலைக்காட்சித் திரைகளுக்கு அதை அறிவித்தது. அந்தத் துணி உருளைகளுக்கு முன்னால் நின்று, எவ்வளவு அழுத்தவேணும் எண்டு கையால் பழகிய தொழிலாளர்களின் பெயர்களை நாங்கள் வாசித்த எந்தக் கட்டுரையிலும் காணவில்லை.