எழுதியது சரி, படிப்பவர் யார்?

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி கொடுக்கப் பார்த்து, அது ஒட்டாமல் போனவர்கள் முதலில் தேடுவது கைப்பிழையை: புள்ளி விட்டுப்போனதா, எண் மாறியதா என்று. ஆனால் இந்தக் கணினியின் வரலாற்றைப் பார்த்தால், கோளாறு பல சமயம் எழுத்தில் இல்லை, ஏட்டில் இருக்கிறது. 2012 பிப்ரவரி 29 அன்று பை விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அதற்கென அமைந்த ராஸ்பியன் இயங்குதளம், தன் மூலமான டெபியன் லினக்ஸின் மரபுப்படி, 'இன்டர்ஃபேசஸ்' என்ற கோப்பில் முகவரியைத் தேடியது. 2015இல் அந்தப் பொறுப்பு டிஹெச்சிபிசிடி என்ற நிரலின் கைக்குப் போனது. 2023 அக்டோபரில் வந்த புக்வோர்ம் பதிப்பில் நெட்வொர்க் மேனேஜர் அதை ஏற்றது. பதினோரு ஆண்டுகளில் மூன்று கணக்குப்பிள்ளைகள், ஆளுக்கொரு ஏடு.

இதன் விளைவு இரு விதம். டிஹெச்சிபிசிடி காலத்தில், பழைய பழக்கத்தில் இன்டர்ஃபேசஸ் கோப்பில் முகவரி எழுதினால், அங்கே வேறொருவர் கணக்கு எழுதியிருக்கிறார், நான் இயங்கவில்லை என்ற பொருளில் பதிவேட்டில் ஒரு வரி போட்டுவிட்டு அந்த நிரல் ஒதுங்கிவிடும்; அதை நம்பியிருந்த வைஃபையும் படுத்துவிடக்கூடும். அந்த ஒரு வரியாவது துப்பு. புக்வோர்மில் அதுவும் கிடையாது. டிஹெச்சிபிசிடி அங்கே இயல்பாக நிறுவப்பட்டிருப்பதில்லை. பழைய வழிகாட்டியைப் பார்த்து அதன் கோப்பைத் திறந்தால், நானோ எடிட்டர் அதே பெயரில் வெற்றுக் கோப்பை நீட்டும். 192.168.1.50/24 என்று பிசகில்லாமல் எழுதிச் சேமித்து ரீபூட் செய்தாலும் ரவுட்டர் கொடுத்த முகவரிதான் நிற்கும். பிழைச்செய்தி வராது. படிக்கவே ஆளில்லாத கோப்பில் பிழை பிடிப்பது யார்?

இந்த மாற்றங்கள் வீண் அல்ல என்பார்கள்; சரிதான். முகவரியைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி முறை 1993இல் வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் முகவரியைக் கையால் எழுதுவதே பரவலான வழக்கம். இன்டர்ஃபேசஸ் கோப்பு அந்தக் காலத்துப் புத்தி கொண்டது. வைஃபை விட்டு வைஃபை தாவும் கணினிக்கு அது போதாது. ஆனால் புதிய நிரலின் தேவை, பழைய கோப்பு சத்தமில்லாமல் செத்துப்போவதை நியாயப்படுத்தாது. ரவுட்டரிலேயே முகவரியை ஒதுக்கிவிட்டால் போயிற்று என்பது இன்னொரு வாதம். வீட்டுக்கு நல்ல வழிதான். ஆனால் ரவுட்டரை மாற்றினால் ஒதுக்கீடும் கூடவே போய்விடும். மேலும், பையே மற்றக் கருவிகளுக்கு முகவரி வழங்கும் இடத்தில் அது தன் முகவரியை யாரிடம் போய்க் கேட்கும்?

ஆகவே பழுது பார்ப்பவர் கோப்பைத் திறக்குமுன் பதிப்பைக் கேட்க வேண்டும். புக்வோர்ம் என்றால், நெட்வொர்க் மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளை காட்டும் பட்டியலில் 'வயர்டு கனெக்‌ஷன் 1' போன்ற ஓர் இணைப்பு இருக்கும். முகவரி போய்ச் சேரவேண்டிய ஏடு அதுதான்.