கேட்காமல் செய்த வாக்கர்

இறுதியாண்டு புராஜெக்டுக்காக, நம் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒரு சிறுவனுக்கு வாக்கர் செய்தோம். எங்களுக்கு மார்க் வந்தது. அவனோ அதை ஒரு வாரம்கூடப் பிடிக்கவில்லை. உயரத்தை அளந்தோமே தவிர, அவனைக் கேட்கவில்லை.

மெக்சிகோவின் அஹோயா கிராமத்தில் 1981-இல் தொடங்கிய ப்ரோஹிமோ பட்டறையின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாற்றுத்திறனாளி இளைஞர்களே நடத்திய பட்டறை அது. மரம், அட்டை, பழைய டயர் என்று கிடைத்ததை வைத்துக் குழந்தைகளுக்கு நாற்காலி, ஊன்றுகோல் செய்தார்கள். உட்கார வைத்துப் பார்த்துப் பார்த்து மாற்றினார்கள். வழிகாட்டிய டேவிட் வெர்னருக்கே தசை நலிவு நோய். சிறுவயதில் டாக்டர்கள் தந்த பாதத்தாங்கி அவர் நடையைச் சிரமமாக்கியது. அஹோயாவில் அவரையும் கேட்டுக் கேட்டுச் செய்த காலிப்பர்தான் பொருந்தியது. இத்தகைய செய்முறைகளை 1987-இல் படங்களோடு புத்தகமாக்கினார்.

தம்பி தங்கைகளே, டேப்பை எடுக்குமுன் அந்தக் குழந்தையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். நாங்கள் உட்காரவில்லை.